போட் எஞ்சின் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் ஆகாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பொங்கோல், சாங்கி, துவாஸ் பக்கம் சின்ன போட் வைத்திருக்கும் நம் ஆட்கள் சந்தித்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "போன வாரம் நல்லா ஓடுச்சு, இன்னிக்கு சாவியைத் திருப்பினா சத்தமே இல்ல, அரை மணி நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு." இப்படி விட்டு விட்டு வரும் கோளாறு பற்றி மட்டும்தான் இங்கே. பெரும்பாலும் பெட்ரோல் அவுட்போர்டை (போட்டின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இன்போர்டு (போட்டுக்கு உள்ளே இருக்கும் எஞ்சின்), டீசல் பற்றிக் கீழே கொஞ்சம் உண்டு.

முதலில் எதைப் பார்ப்பது? பேட்டரியா, பிளக்கா, பெட்ரோலா?

எதையும் கழற்றாதீர்கள், முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சத்தமே இல்லை என்றால் சாவி, ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச் பக்கம். ஒரே ஒரு "டக்" என்று கேட்டு அப்படியே நின்றால் சொலினாய்டு (ஸ்டார்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வரை கரண்ட் வருகிறது, அதற்கு அப்புறம் தடங்கல். "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. "விர்ர்" என்று ஸ்டார்டர் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் பல்சக்கரம் பிடிக்கவில்லை. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பற்றவில்லை என்றால் மட்டுமே பெட்ரோலையும் பிளக்கையும் பற்றி யோசிக்க வேண்டும். சுற்றவே சுற்றாத எஞ்சினுக்குப் புது பிளக் வாங்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள் நிறைய, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அதென்ன, சில நேரம் மட்டும் வருகிறது? கெட்டுப்போனால் கெட்டுப்போக வேண்டியதுதானே?

ஒரு பாகம் செத்தால் செத்ததுதான், அது திரும்ப உயிர் பெற்று ஓடுவது அரிது. வந்து வந்து போவது பெரும்பாலும் இணைப்புகள்: டெர்மினல், வயர் முனை, ஃபியூஸ் ஹோல்டர், பிளக் சாக்கெட், சுவிட்ச்சின் உள்ளே இருக்கும் செப்புத் தகடு. நம் ஊரில் வருஷம் முழுக்க ஈரக்காற்று, அதோடு உப்பு, அதோடு எஞ்சின் அதிர்வு. இவை மூன்றும் சேர்ந்தால் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். நீங்கள் வயரை லேசாகத் தொட்டதும் அந்தப் பூ ஓரமாக விலகி எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவீர்கள். அடுத்த வாரம் பழைய கதை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சூடானால் மட்டும் வேலை செய்யாமல் ஆறியதும் வேலை செய்யும் பாகங்கள் சில இருக்கின்றன, இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்), சென்சார் மாதிரி. அது கீழே தனியாக வருகிறது.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் "டக்" என்றுதான் கேட்கிறது. பேட்டரி நல்லாத்தானே இருக்கிறது?

சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவது ஒரு சான்றிதழ் இல்லை. வோல்ட்மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, ஸ்டார்டர் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிஐஇ விரைவுச்சாலையில் நாலு தடத்தில் மூன்றை அடைத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாது, காலை எட்டு மணிக்குத்தான் தெரியும். பாதி அரித்துப்போன கேபிளும் அப்படித்தான். அதனால் அளக்க வேண்டியது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், சிம் லிம் டவரில் விலை குறைவாகவே கிடைக்கும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க கில் சுவிட்ச் கயிற்றை (கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு) கழற்றிவிடுங்கள், ஆனால் சில மாடல்களில் கயிறு இல்லாவிட்டால் ஸ்டார்டரே சுற்றாது, அப்படியென்றால் மேனுவலில் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். கையும் சட்டையும் ஃப்ளைவீலுக்கு (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) அருகில் போகக் கூடாது. இன்னொருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் அளக்க வேண்டும்.

முதலில் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி பரவாயில்லை, 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். அப்புறம்தான் முக்கியமான சோதனை. மீட்டரின் சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் டெர்மினலில் வைக்காதீர்கள், கறுப்பு முள்ளை ஸ்டார்டர் மோட்டாரில் அந்தத் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் வீணாகப் போகும் வோல்ட்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, இரண்டு என்று போனால் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது: பேட்டரி டெர்மினல், மெயின் சுவிட்ச், சொலினாய்டு என்று ஒவ்வொரு இணைப்பாக இதேபோல் அளந்துகொண்டே வாருங்கள், குற்றவாளி தானாக மாட்டுவான். எந்த இணைப்பிலும் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. சொலினாய்டு "டக்" என்று அடித்தும் அதன் இரண்டு தடித்த போல்ட்டுக்கு நடுவில் முழு 12 வோல்ட்டும் காட்டினால் உள்ளே தகடு கருகிவிட்டது, சொலினாய்டை மாற்ற வேண்டியதுதான்.

நெகட்டிவ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவில் அதே மாதிரி அளந்து பாருங்கள். பெயின்ட் மேலே வைத்தால் மீட்டர் பொய் சொல்லும், சுத்தமான உலோகத்தில் வைக்க வேண்டும். அந்த எர்த் கேபிள் எஞ்சினோடு சேரும் போல்ட் அடியில் ஒளிந்திருக்கும், உப்புத் தண்ணீர் முதலில் போவதும் அங்கேதான்.

டெர்மினல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, கையால் ஆட்டினால் ஆடவும் இல்லை.

பட்டாம்பூச்சி நட் போட்டிருக்கிறீர்களா? விரலால் முறுக்குகிற அந்த நட்தான் பல போட்டில் வில்லன். அலையில் அடித்து அடித்து அரைச் சுற்று தளர்ந்தால் போதும், விளக்கு எரியும், ரேடியோ பாடும், ஸ்டார்டர் மட்டும் சுற்றாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு துருப்பிடிக்காத ஆறுமுக நட்டும் லாக் வாஷரும் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். டெர்மினல்களை அடுக்கும்போது எஞ்சின் கேபிளின் வளையம் ஈயத்தோடு நேராக ஒட்டியிருக்க வேண்டும், மீன் பார்க்கும் கருவியின் மெல்லிய வயரெல்லாம் அதற்கு மேலே. வாஷர் நடுவில் வரக் கூடாது.

இன்னொன்று, கேபிளின் வளைய முனைக்கு ஓர் அங்குலம் தள்ளி உறையை அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று இருந்தால் அல்லது உப்பியிருந்தால் கத்தியால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுப்பாகவோ பச்சைப் பொடியாகவோ இருந்தால் அந்தக் கேபிள் முடிந்தது, சுரண்டிப் பயனில்லை. மாற்றும்போது கார் கேபிள் வாங்காதீர்கள், வெள்ளீயம் பூசிய இழைகள் உள்ள மரீன் கேபிள் கேளுங்கள், முனையில் பசை உள்ள சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். விலை கூடத்தான். இந்த உப்புக் காற்றில் மற்றது தாங்காது.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. அஞ்சாறு தடவை திருப்பினால் ஒரு தடவை பிடிக்கிறது.

கியர் லிவரை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச்தான், அல்லது கியர் கேபிள் கொஞ்சம் தள்ளி செட் ஆகியிருக்கிறது. கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகி போட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் சுவிட்ச் அது, கேபிள் இழுபட்டு நியூட்ரலை அது சரியாக உணராமல் போவது சகஜம். அதை நேராக இணைத்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள், தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீரில் பிள்ளைகள் நிற்கும் நேரத்தில் கியரில் ஸ்டார்ட் ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

லிவர் காரணமில்லை என்றால் சொலினாய்டின் சின்ன முனையில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் "டக்" இல்லை என்றால் சொலினாய்டோ அதன் எர்த்தோ போயிருக்கிறது. அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால்: சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், எஞ்சின் மூடிக்குள் இருக்கும் மெயின் ஃபியூஸ், டேஷ்போர்டிலிருந்து எஞ்சினுக்கு வரும் பல முள் சாக்கெட். ஃபியூஸ் பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர். ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறார்கள், அது மாட்டியிருக்கும் கிளிப் பச்சை பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தப் பெரிய சாக்கெட்டை ஒரு முறை பிரித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, முட்களை வரிசையாகப் பார்த்துவிட்டு திரும்ப அழுத்தி மாட்டினால் பாதிப் பேய் அங்கேயே ஓடிவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் செய்யலாமா? எங்கள் ஜெட்டியில் ஓர் அண்ணன் அப்படித்தான் செய்வார்.

அந்த அண்ணன் அதிர்ஷ்டசாலி. தீப்பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி இருந்தால் பற்றும், நியூட்ரல் சுவிட்ச்சையும் அது தாண்டிவிடும். இன்போர்டில் எஞ்சின் அறை மூடியிருக்கும் என்பதால் பேச்சுக்கே இடமில்லை. சோதிக்க மீட்டர் இருக்கும்போது இந்த வீரம் தேவையில்லை.

ஸ்டார்டர் "விர்ர்" என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை.

ஸ்டார்டர் தலையில் இருக்கும் பல்சக்கரம் மேலே எழும்பி ஃப்ளைவீலைக் கடிக்க வேண்டும். அழுக்கும் துருவும் சேர்ந்தால் பாதியில் நின்றுவிடும், பேட்டரி பலவீனமாக இருந்தாலும் வேகம் போதாமல் எழும்பாது. சுத்தம் செய்து லேசான எண்ணெய் விடுங்கள். கிரீஸ் அப்பாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைத்துப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவே இல்லை. பத்து நிமிஷம் விட்டால் பற்றுகிறது.

கில் சுவிட்ச் கிளிப் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், அதுதான் முதல் காரணம். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக் கிளிப் தேய்ந்து, மாட்டிய மாதிரியே தெரியும், உள்ளே தொட்டிருக்காது.

அடுத்து, எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பு. அதில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், எஞ்சின் பக்கத்து முனையை மேலே தூக்கிப் பிடித்து அமுக்கினால் சில அமுக்கில் கல் மாதிரி இறுக வேண்டும். அமுக்க அமுக்கத் தொளதொளவென்றே இருந்தால் உள்ளே வால்வு போயிருக்கிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் ஓடி, மூச்சுத் திணறி நிற்கும், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. பிளாஸ்டிக் டேங்க் உள்ளே ஒடுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். பழைய குழாயில் உள் அடுக்கு மட்டும் பிரிந்து, உறிஞ்சும்போது மடங்கி வழியை அடைப்பதும் உண்டு, வெளியே பார்த்தால் குழாய் புதுசு மாதிரி இருக்கும்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் போட்டில், பகல் சூடும் ராத்திரிக் குளிர்ச்சியும் மாறி மாறி டேங்க்குக்குள் ஈரத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் சாவியை ஆன் செய்ததும் ஓரிரு வினாடி பம்பு முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத நாள்களில் எல்லாம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பம்பு, அதன் ரிலே, அதன் ஃபியூஸ் பக்கம் போங்கள். இன்னொரு விஷயம், சுற்றும்போது வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கினால் இந்த எஞ்சின்களில் கணினிப் பெட்டி ஒழுங்காக வேலை செய்யாது. எஞ்சின் சுற்றும், பற்றாது. ஆக, மேலே சொன்ன கேபிள் சோதனை இங்கேயும் பொருந்தும்.

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட். உபின் பக்கம் நிறுத்தி மீன் பிடித்துவிட்டு மத்தியானம் திருப்பினால் மாட்டேன் என்கிறது. ஏன்?

எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் சூடு நிற்காது. மூடிக்குள் முதல் இருபது நிமிஷம் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நம் மத்தியான வெயிலும் சேர்ந்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டும். பல்பை அமுக்கி இறுக்கிப் பாருங்கள், மூடியைத் திறந்து பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். இதில் சரியானால் பெட்ரோல் பக்கம்.

சரியாகவில்லை என்றால் அந்த நேரத்திலேயே தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதற்கென்று இருக்கும் ஸ்பார்க் டெஸ்டரைப் பெட்டியில் வைத்திருங்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பது பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் வேண்டாத விளையாட்டு. சூடாக இருக்கும்போது மட்டும் தீப்பொறி இல்லையென்றால் காயில், ஸ்டேட்டர் (ஃப்ளைவீலுக்கு அடியில் மின்சாரம் உண்டாக்கும் சுருள்), கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றும் நிலையை உணர்வது) இவற்றில் ஒன்றின் உள்சுற்று சூட்டில் விரிந்து அறுபடுகிறது. அப்போதே மின்தடையை (ஓம்) அளந்து மேனுவலோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

சோக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன், பெட்ரோல் வாசனை மட்டும் வருகிறது.

மூழ்கடித்துவிட்டீர்கள். சோக்கை விட்டுவிட்டு, கில் கயிறு கழற்றிய நிலையில், நியூட்ரலில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து சில வினாடி சுற்றவிட்டுக் காய வையுங்கள். கயிறு இல்லாமல் சுற்றாத மாடல் என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு மாட்டுங்கள். எப்போதும் ஸ்டார்டரை ஒரே மூச்சில் ஐந்து, அதிகம் போனால் பத்து வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், ஆறவிட்டு அடுத்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போது "டொக்" என்று சுவரில் முட்டிய மாதிரி நின்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், தொடர்ந்து சுற்றினால் உள்ளே இருக்கும் பாகங்கள் வளைந்துவிடும்.

மாசம் ஒரு தடவைதான் கடலுக்குப் போகிறேன். பேட்டரி எப்படியும் இறங்கிவிடுகிறது.

இறங்கத்தான் செய்யும். தண்ணீரிலேயே கட்டிவைக்கும் போட்டில் பில்ஜ் பம்பு (போட்டின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பு) மெயின் சுவிட்ச்சைத் தாண்டி நேராகப் பேட்டரியில் இருக்கும், மழைக் காலத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஈயப் பேட்டரி இந்தச் சூட்டில் தானாகவும் சீக்கிரம் இறங்கும். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.2 காட்டினால் பாதிதான் மிச்சம் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு, பாட்டுப் போட்டுக் கொடுவாய் மீனுக்குக் காத்திருப்பவர்கள் ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, மற்றதுக்கு ஒரு பேட்டரி என்று பிரித்துவிடுங்கள். மெயின் சுவிட்ச்சை எஞ்சின் ஓடும்போது ஆஃப் நிலை வழியாகத் திருப்பாதீர்கள், சார்ஜ் செய்யும் ரெக்டிஃபயர் எரிந்துவிடும்.

நடுக்கடலில் இப்படி ஆனால்?

சாவியைத் திருப்பிக்கொண்டே நிற்காதீர்கள். லைஃப் ஜாக்கெட், அப்புறம் நங்கூரம், அதற்குப் பிறகுதான் எஞ்சின். சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கம் நீரோட்டம் எவ்வளவு இழுக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், நீங்கள் மூடியைக் கழற்றுவதற்குள் போட் வேறு இடத்தில் இருக்கும். கப்பல் போகும் தடத்தில் நங்கூரம் போட முடியாது, அதற்குள் அடித்துக்கொண்டு போகிறது என்றால் வெட்கப்படாமல் வி.எச்.எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் சொல்லிவிடுங்கள், அந்தப் பெரிய கப்பல்களால் உங்களுக்காக நிறுத்த முடியாது. நங்கூரம் பிடித்த பிறகு நியூட்ரல், கில் கிளிப், மெயின் சுவிட்ச், காற்றுத் திருகு, பல்பு, இந்த ஐந்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேட்டரி நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். அதனால் ஸ்பேனர் போட்டில் இருக்க வேண்டும், கார் டிக்கியில் அல்ல.

இன்போர்டு, டீசல்?

பெட்ரோல் இன்போர்டில் ஸ்டார்ட் செய்யும் முன் புளோயரை (எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறி) நான்கு நிமிஷமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவி. ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பத் திரும்ப முயலும்போதும் அப்படித்தான். டீசலில் தீப்பொறி இல்லாததால் பட்டியல் சின்னது: உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, நிறுத்த இழுத்த ஸ்டாப் லிவர் அல்லது ஸ்டாப் சொலினாய்டு பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததா. சுற்றாத கோளாறு என்றால் கேபிள் சோதனை அப்படியே.

சந்தேகப்படுகிற பார்ட்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் என்ன?

காசு உங்களுடையது. ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறில் ஒரு சிக்கல் இருக்கிறது: எதை மாற்றினாலும் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் மாற்றும்போது பக்கத்து வயர்களை எல்லாம் அசைத்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் புது ஸ்டார்டர் போட்டு, இரண்டு வாரம் கழித்து அதே "டக்" கேட்டால் வலிக்கும். கோளாறு இருக்கும் நேரத்தில் அளந்து, இதுதான் என்று தெரிந்த பிறகே கடைக்குப் போங்கள்.

மெக்கானிக் வந்தால் மட்டும் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகிறது. அவரிடம் என்ன சொல்வது?

சொல்ல வேண்டாம், காட்டுங்கள். கோளாறு வரும்போது கைப்பேசியை எடுத்து வீடியோ பிடியுங்கள், சாவியைத் திருப்பும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், முடிந்தால் மீட்டரின் எண்ணும் தெரிய வேண்டும். கூடவே குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் சூடா, ஆறியதா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆனது, மழை பெய்ததா, டேங்க்கில் எவ்வளவு இருந்தது, கடைசியில் என்ன செய்ததும் பற்றியது. மணிக்கணக்கில் கூலி வாங்கும் மெக்கானிக்குக்கு இந்த ஒரு பக்கம் இருந்தால் நேராக விஷயத்துக்கு வருவார். அவர் வரும் முன் டெர்மினலைச் சுத்தம் செய்து, வயரை ஆட்டி வைத்துவிடாதீர்கள், கோளாறு இருக்கும் நிலையிலேயே விட்டு வையுங்கள்.